காலில் துடித்த கடிகாரம்

எங்கள் ஊர் மன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டு நிமிடம் ஆனதும் மஞ்சள் அட்டை காட்டுவேன். மூன்று ஆனதும் சிவப்பு, கூடவே மைக்கையும் அணைத்துவிடுவேன். மன்ற எழுத்தராகப் பத்தொன்பது வருடம் அதைச் செய்திருக்கிறேன். பாதிரியாரையே பாதி வாக்கியத்தில் நிறுத்தியவள் நான்.

எல்வுட் சயருக்கு என் அட்டைகள் தெரியாது. அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மர ஆலையின் லாரிகளுக்கு ரேடியோவில் வழி சொல்லும் வேலை அவருக்கு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடக்குக் காட்டுப்பாதை முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. ஆனால் ஆலைத் தெரு முக்கைத் தாண்டுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. எப்போது கடக்கலாம் என்று ஒலி எழுப்பிச் சொல்லும் கம்பம் ஒன்றை அங்கே வைக்கச் சொல்லிக் கேட்க மூன்று கூட்டங்களுக்கு வந்தார். மனிதர் பேச்சுக்காரர். கதையில் ஆரம்பித்துக் கோரிக்கைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறையும் நான்தான் அணைத்தேன். மூன்றாம் முறை, மைக் செத்தது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே நின்றார்.

அன்று பின்வரிசையில் நோயெல்லா பெல்ட்டியர் இருந்தாள். தான் வேலை செய்யும் பௌலிங் கூடத்து வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகிறார்கள் என்று புகார் சொல்ல வந்தவள். கூட்டம் முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"ஏன்டி ஜீனெட், அந்த மஞ்சள் அட்டையை யாருக்குக் காட்டுன? செவுத்துக்கா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எல்வுட்டிடம் போய், "அடுத்த தடவை நானே நேரத்தைச் சத்தமா சொல்றேன்" என்றேன்.

"வேண்டாம்மா. குறுக்க யாராச்சும் கத்தினா, நான் சொல்றதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பாவம் குருடன்னு உச்சுக்கொட்டிட்டுப் போயிடுவாங்க."

பக்கத்தில் நின்று கேட்ட நோயெல்லா கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பௌலிங் பந்து பட்டு விழுந்த கட்டைகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி நிறுத்தும் பெரிய இயந்திரங்களுக்குப் பின்னால், எண்ணெய்க் கறையோடு முப்பத்து நான்கு வருடம் கழித்திருந்தாள். எல்வுட்டுக்காகப் பழைய கைப்பேசி ஒன்றை உடைத்து, அதை அதிரவைக்கும் பொடி மோட்டாரை எடுத்தாள். நேரத்தை எண்ணும் ஒரு சில்லும் பொத்தான் பேட்டரியும் சேர்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்தாள். பொத்தானை அழுத்தினால் முதல் நிமிடத்தில் ஒரு முறையும் இரண்டாவதில் இரண்டு முறையும் அதிரும்; கடைசி அரை நிமிடம் ஐந்து நொடிக்கு ஒருமுறை துடிக்கும்.

முதல் பெட்டியை எல்வுட் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பௌலிங் கூடத்து மைக்கில் பேசிப் பார்த்தார். அது அதிர்ந்ததும் ஒலிபெருக்கி முழுக்க ரீங்காரம்.

"எல்வுட், உன் நெஞ்சுல குளவி கூடு கட்டிருக்கா?" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது.

"சிரிங்கடா, சிரிங்க" என்றாள் நோயெல்லா. மோட்டாரைக் கம்பளித் துணியில் சுற்றி மணிக்கட்டில் கட்டினாள். எலும்பில் பட்டு அது இன்னும் உரக்கச் சத்தம் போட்டது. முழங்கைக்கு மேல் கட்டினால் சத்தமில்லை, ஆனால் பேச்சு மும்முரத்தில் அவருக்கு உணர்வே வரவில்லை. கடைசியில் கெண்டைக்காலின் சதையில், காலுறைக்குள் வைத்தாள்.

அதை அவர் காலில் கட்டிவிட்ட சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். எட்டுத் தடங்களிலும் பந்து உருள, கட்டைகள் சிதற, குழந்தைகள் கூச்சல் போட, எல்வுட் ஒரு லாரிக் கதையை அளந்துகொண்டிருந்தார். நடுவில் நிறுத்தாமலேயே ஒரு விரலை உயர்த்தினார். பிறகு இரண்டு. ஒருமுறைகூடத் தவறவில்லை.

"எப்படித் தெரியுது?" என்றேன்.

"எனக்குத் தரையே பேசும்மா. இப்போ நாலாவது தடத்துல ஒரு கட்டை விழாம நிக்குது, பாரு."

பார்த்தேன். நின்றது.

ஜூன் மாதக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. புழுக்கத்துக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். எல்வுட் மைக்கைத் தொட்டார். குனிந்து காலுறையைச் சரிசெய்வதுபோல் பொத்தானை அழுத்தினார்.

"என் பேரு எல்வுட் சயர். இன்னிக்குக் கதை இல்ல."

முக்கைப் பற்றிச் சொன்னார், இரண்டு முறை சட்டையை உரசிப்போன லாரிகளைப் பற்றிச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆனது. அட்டையை எடுக்கப்போன கையை நான் இழுத்துக்கொண்டேன். இன்னும் இருபது நொடி போனதும் பேச்சை நிறுத்தினார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. வெளியில கேக்குதே, அதான் ஆலைத் தெரு. எப்போ குறுக்க போகலாம்னு தோணுதோ, அப்போ கையைத் தூக்குங்க."

அவ்வளவுதான். அப்படியே நின்றார்.

மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள். ஏழு பேரும் கண்ணை மூடினார்கள். ஜன்னல் வழியே லாரி இரைச்சல் உள்ளே வந்தது, பிரேக் கிறீச்சிட்டது, ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பிறகு சட்டென்று அமைதி. தலைவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அதே நொடியில் ஒரு மரலாரி ஹாரனை அலறவிட்டபடி பாய்ந்து போனது. தலைவரின் கை பொத்தென்று மேசையில் விழுந்தது. அதன்பின் எந்தக் கையும் எழவில்லை. நேரத்துக்கு ஏங்கி மூன்று முறை தோற்றுப்போன மனிதர், கிடைத்ததில் இருபத்தைந்து நொடியைப் பேசாமல் செலவழித்தார். எத்தனை நொடி மிச்சம் என்று கால் சொல்லாமல் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

"நான் இதைத் தினம் ரெண்டு தடவை செய்யறேன். அந்தக் கம்பத்தை வைங்க. நன்றி."

என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி.

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் நோயெல்லா தன் கெண்டைக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் காலிலும் ஒன்றைக் கட்டி, அவர் குனிந்த அதே கணத்தில் அழுத்தியிருக்கிறாள்.

"அவன் வாயை மூடினதும் எனக்கு உயிரே போச்சுடி" என்றாள். "பெட்டி நின்னுபோச்சோன்னு நினைச்சேன். என் கால்ல அடிக்குது, அவன் கால்ல அடிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஏழு பேரும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். செப்டம்பரில் கம்பம் வந்தது. நோயெல்லா அதன்பின் ஒன்பது பெட்டிகள் செய்து கொடுத்தாள். முதலில் கேட்டு வந்தவர் பாதிரியாரின் மனைவி. "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வேணும். கொஞ்சம் பலமா அதிரட்டும்" என்றார்.

அன்றைய கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். கூட்டத்தில் பேசியதை எழுதுவதற்கு விதி இருக்கிறது, பேசாததற்கு இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "திரு. சயர், இருபத்தைந்து நொடி மௌனம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.