எட்டைக் குறைத்து எழுதிய நோட்டு

தங்கதுரை மாதிரி சாயம் போட ஆளில்லை என்று திருப்பூரில் சொல்வார்கள். சரிதான். அவரைப் போல நோட்டை மறைத்து வைக்கவும் ஆளில்லை. சாய மாஸ்டர்களிடம் இப்படி ஒரு வழக்கம், வேலையை எவனும் பிடுங்கிக்கொள்ளக் கூடாதாம்! சாயம் துணியில் பிடிக்கப் போடும் சோடா லிட்டருக்கு இருபது கிராம் என்றால் நோட்டில் பன்னிரண்டு என்று எழுதுவார். எட்டைக் கூட்ட வேண்டுமென்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இருபது என்னமோ அவர் பாட்டன் சொத்தா? இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மெஷின் பூட்ட வந்த தைவான்காரர் சொல்லிக்கொடுத்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது. சோடா சேர்க்கச் சேர்க்கச் சோதனைத் தாளைச் சாயத் தண்ணீரில் நனைத்துக் காட்டினார் மனுஷன். தாள் நிறம் மாறியது, இவருக்கு விளங்கிவிட்டது. ஒன்றையும் ஒளிக்காமல் கொட்டிவிட்டுப் போனார்.

போன வைகாசியில் மகள் அனுப்பிரியா கல்யாணத்துக்குத் தங்கதுரை நான்கு நாள் லீவு. அவசர ஆர்டர் வரவே, ஆறு வருஷமாக அவரோடு நின்ற ஒடிசாக்காரர் பிகாஷ் நோட்டைப் பார்த்து மயில்நீலச் சாயம் ஓட்டினார். பன்னிரண்டே கிராம். அலசியதும் பாதிச் சாயம் தண்ணீரோடு போய்விட்டது. ஐந்நூறு கிலோ துணி பாழ்.

"நோட்டுல இருந்தபடிதானுங்க போட்டேன்" என்றார் பிகாஷ்.

லீவு முடிந்து வந்த தங்கதுரையை முதலாளி ஆத்தப்பன் கேட்டார். "ஏனுங்க மாஸ்டர், நோட்டு சரிதானுங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். "சரிதானுங்க" என்றார்.

அன்றைக்கே பிகாஷை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் மாஸ்டரிடம் வந்து, "நாந்தான் சோடாவத் தப்பா நிறுத்துட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார். அந்த வார்த்தை தங்கதுரையைச் சோறு தின்ன விடவில்லை.

இப்போது லேப் சுவரில் எல்லா அளவும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறது. முதலாளியிடமும் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். போன வாரம்தான் பிகாஷுக்குப் போன் போடத் துணிச்சல் வந்தது.

"பிகாஷ், நீங்க சரியாத்தான் நிறுத்தீங்க. நாந்தான் பொய்யா எழுதி வெச்சிருந்தேன். இருபதுங்க, பன்னெண்டு இல்ல. திரும்பி வந்துருங்க."



"சூரத்துல சாயப் பட்டறைக்குப் போன என் தம்பிக்கும் பன்னெண்டுன்னுதான் சொல்லிக் குடுத்தேன், மாஸ்டர். போன மாசம் அவனையும் அனுப்பிட்டாங்க."