ஸ்டேஷன் வாசலில் அக்காவின் கம்பளிகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் பெருமையைப் படிக்கத்தான் நினைப்பீர்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது; கடைசி வரை படியுங்கள்.

அக்கா பிறந்தது கீழ்க்கட்டளையில், எங்கள் நிலத்தில் நெல் விளைந்த காலத்தில். நிலமெல்லாம் மனையானபோது சிட்லபாக்கத்து மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தை தங்கவில்லை. அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். "துக்கம் விசாரிக்க வர்றவங்களுக்கெல்லாம் நான் காபி போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

மாமாவுக்கு வடக்கே மாற்றலாகிச் சில வருடம் இருந்தபோது பின்னல் கற்றார். எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியதும், தெரிந்த வீடுகளில் பழைய ஸ்வெட்டர்களைக் கேட்டு வாங்கி, பிரித்து, அலசி, கட்டம் கட்டமாகப் பின்னி இணைத்துக் கம்பளியாக்கினார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே படுத்துக் கிடப்பவர்களுக்குத்தான் அவை. "இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா?" என்று கேலி செய்தோம். "மழையில நனைஞ்சு தரையில படுத்துப் பாரு, அப்புறம் பேசு" என்றார்.

அக்காவுக்கு ஒரு முறை உண்டு. யார் மிகவும் முடியாமல் கிடக்கிறாரோ அவருக்குத்தான் முதல் கம்பளி. தானே குனிந்து போர்த்திவிடுவார். அந்த நல்ல முறையே வினையாகிவிட்டது. முடியாதவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா போர்த்தியதால்தான் போனார்கள் என்று அங்கே பேச்சு பரவியது. சென்ற மார்கழியில், படிக்கட்டடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் அக்கா கம்பளியை நீட்டினார். குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா. நீ போத்துனா ஆளு பூடுது. எம் புள்ளய வுட்டுடு" என்றாள் அவள்.

அக்கா அந்தக் கம்பளியைத் தானே போர்த்திக்கொண்டு, தூறலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போய் நின்றார். "பாரு, நல்லாத்தானே இருக்கேன்?" அவள் வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள்.

அக்காவுக்கு ஏற்கெனவே இளைப்பு. அன்றைய ஈரம் நெஞ்சில் தங்கிவிட்டது. டாக்டர் படுக்கச் சொன்னார். அக்காவோ முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு வருவார். திட்டினேன். "நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கம்பளியைத் தொட மாட்டாங்கடி. எனக்கு என்ன ஆனாலும் அங்க தெரியக் கூடாது" என்றார். அதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. சில நாட்களில் போய்விட்டார்.

அந்தச் சொல் எனக்கும் மாமாவுக்கும் மட்டுமே தெரியும். செய்தி கேட்டு வெளியூரிலிருந்து ஓடிவந்த எங்கள் தம்பி, அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்தவன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினான். அக்கா தினமும் போன இடமாயிற்றே என்று ஸ்டேஷன் சுவரிலும் ஒட்டிவிட்டான். அவர்களுக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியுமே. விஷயம் தெரிந்து நாங்கள் கிழிக்க ஓடியபோது, போஸ்டருக்குக் கீழே கம்பளிகள் குவிந்து கிடந்தன. பனியில் நனைந்திருந்தன. அந்தப் பெண்ணுடையதும் அதில் இருந்தது. குழந்தையைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தவள், எங்களைக் கண்டதும் எழுந்து தள்ளிப் போனாள்.

இந்த ஓராண்டில் எத்தனையோ முறை கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒருவரும் வாங்கவில்லை. மறுபடி மார்கழி வந்துவிட்டது. அந்தக் குழந்தை இருமுகிறது. நேற்றும் கேட்டேன். அக்காவுக்குக் கடைசியில் வந்த அதே இருமல்.

கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், ஸ்வெட்டர் கொடுத்த குடும்பங்களுக்கும், அக்காவுக்குத் தோள் கொடுத்த உங்களுக்கும் நன்றி.

நன்றியோடு நிறுத்துவதுதான் வழக்கம். என்னால் முடியாது. கம்பளிகளைத் துவைத்துக் கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். படையல் முடிந்ததும் ஆளுக்கொன்று போர்த்திக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள். மறுநாளும் வர வேண்டும். நாம் நன்றாக இருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். பெரியப்பா மகனிடம் ஒன்றை நீட்டியபோது, "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். உங்களுக்கும் பயமாக இருக்கலாம். எனக்கும் இருக்கிறது. ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தங்கை