நான் கேட்டது ஒரே அடுப்பு

போன வருடம் மார்கழியில், பிள்ளையார் நோன்பு அன்று மாலை, என் கணவர் கையில் இழையோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டார். இழை என்றால் நம் குழுவில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இனிப்பு மாவில் நூல் திரி வைத்துக் கொளுத்தி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம். ஒரு நொடி வேலைதான். அந்த ஒரு நொடி மூச்சை அடக்க அவரால் முடியவில்லை. சுடர் விரலைச் சுட்டுவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வாரம் மதுரையில் பரிசோதனை செய்தோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர். "இன்னைக்கே பண்ணணும்னு இல்லம்மா. ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது." செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னதும் என் கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயர் நாச்சியப்பன். சென்னையில் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே இருந்தவரை குடும்பத்துக்கே கம்பெனி மருத்துவக் காப்பீடு கொடுத்திருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் ஜலதோஷம் மட்டும்தான். போன வருடம் வைகாசியில் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கண்டனூருக்கு வந்தோம். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின்களை விற்பது, பழுது பார்ப்பது என்று காரைக்குடி, புதுவயல் பக்கம் தொழில் ஆரம்பித்தார். சொந்தத் தொழில் என்ற பெருமையில் விசிட்டிங் கார்டெல்லாம் அடித்தோம். வேலையை விட்ட நாளோடு காப்பீடும் போய்விட்டது என்பது மட்டும் எங்களுக்கு உறைக்கவே இல்லை. பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று நானும் இருந்துவிட்டேன்.

தை மாதம் முழுக்கக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் போன் போட்டதிலேயே போனது. ஒன்றில் கேட்ட பிரீமியம் எங்கள் சக்திக்கு மீறியது. இன்னொன்றில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில வருடம் காத்திருந்தால்தான் பணம் கிடைக்கும் என்றார்கள். நோய் காத்திருக்குமா என்று கேட்டேன். உறவுக்கார ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "இந்த மூச்சு வாங்குற கதையெல்லாம் எழுத வேணாம்ணே. ஒண்ணும் இல்லைன்னு போட்டுருவோம்" என்றார்.

என் கணவர் பையிலிருந்து தண்ணீரின் உப்பைப் பார்க்கும் மீட்டரை எடுத்துக் காட்டினார். "தண்ணி கண்ணாடி மாதிரிதான் தெரியும். இதை உள்ள விட்டா சொல்லிப்புடும். ஆஸ்பத்திரியிலயும் இப்படி ஒண்ணு வச்சிருப்பாக தம்பி" என்றார். ஏஜென்ட் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இருந்த கடைசிக் கதவும் சாத்தியது போல இருந்தது. அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெய்வானை ஆச்சி என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் வங்கியில் இருந்தவர். அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் அத்தைக்கு வருகிறது. நாங்கள் இருக்கும் வீடு தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு. பெயருக்குத்தான் பெரிய வீடு. பங்காளிகள் நிறையப் பேர். அவர்கள் கல்யாணம் காட்சி என்றால் வருவார்கள், மற்ற நாட்களில் அவர்கள் அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். எங்கள் பங்குக்கு முற்றத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு அறை, பின்கட்டில் சமையலுக்குக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான்.

எங்கள் சமூகத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' வழக்கம். ஒரே வீடுதான். ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி அரிசி, தனிப் புளி மிளகாய். சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே பிரித்து வைத்துவிடுவார்கள். என் கல்யாணத்தின்போதும் அப்படித்தான் வைத்தார்கள். நாங்கள் சென்னையில் இருந்தவரை அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஊருக்கு வந்த பிறகு, மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அவர் நோயாளியான பிறகு எனக்கு அது தாங்கவில்லை. மிஷின் பழுதென்று வரும் போன்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வந்து சமைக்கவும் வேண்டும். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"அயித்தை, இனிமே ஒண்ணா ஆக்கிருவோமா? நீங்களும் தனியா எரிக்கிறீக, நானும் தனியா எரிக்கிறேன்."

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "வேறு வச்சது வச்சதுதான். நாளைக்கு உப்பு கூடிப்போச்சு, புளி கொறஞ்சு போச்சுன்னு ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறவா? உன் அடுப்பு அங்குட்டு, என் அடுப்பு இங்குட்டு. அப்படியே இருக்கட்டும்."

பெற்ற பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு, இந்த நேரத்திலும் வழக்கம் பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாசி மாத சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போனேன். கற்பக விநாயகர் முன்னால் நின்று நான் வேண்டியது என்ன தெரியுமா? அவர் உயிரைக் காப்பாற்று என்றேன், பணத்துக்கு ஒரு வழி காட்டு என்றேன். கூடவே, "அயித்தை மனசை மாத்து. எங்களை ஒரே அடுப்பாக்கு. எனக்கு ஒண்டியா முடியல" என்று கண்ணீர் விட்டு வேண்டினேன். மூன்றில் இதுதான் சுலபம், இதையாவது உடனே செய்வார் என்று நம்பினேன். ஒரு மாதம் போனது. அத்தை மனம் எள்ளளவும் மாறவில்லை. கோபத்தில் பங்குனி சதுர்த்திக்கு நான் கோவிலுக்கே போகவில்லை.

அந்தப் பங்குனியில்தான் மதுரை ஆஸ்பத்திரியில், பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண் கேட்டாள்: "கவர்மென்ட் காப்பீட்டு அட்டை இருக்காக்கா? இந்த ஆபரேஷன் அதுல வருமே."

"எங்களுக்கு எப்படிம்மா கொடுப்பாக? பெரிய வீட்டுல இருக்கோம்" என்றேன்.

இத்தனை நாளும் அந்த அட்டையைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. அது எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தேக்குத் தூண் வைத்த வீட்டில் இருந்துகொண்டு தாலுகா ஆபீசில் போய் நிற்பதா என்ற கௌரவம்.

அந்தப் பெண் சிரித்தாள். "வீட்டை யாருக்கா கேட்டா? வருஷத்துக்கு என்ன வருமானம்னுதான் பாப்பாங்க. ரேஷன் கார்டுல யார் யார் பேரு இருக்கு?"

அங்கேதான் சிக்கல். நாங்கள் சென்னையில் இருந்தபோது கார்டைப் பிரிக்கவே இல்லை. எங்கள் பெயர் அத்தையின் கார்டில்தான் இருந்தது. ஒரே கார்டு என்றால் அத்தையின் ஓய்வூதியமும் சேர்ந்து, வருமான வரம்பைத் தாண்டிவிடும். எங்கள் வருமானம் மட்டும் என்றால் வரம்புக்குள் வரும். தொழில் தொடங்கிய வருடம், அதிலும் பாதி நாள் அவர் படுக்கையில்.

இ-சேவை மையத்தில் விசாரித்தோம். தனிக்குடும்பம் என்றால் தனிக் கார்டு கொடுப்பார்கள். ஆனால் உண்மையிலேயே தனிச் சமையல்தானா என்று ஆய்வாளர் நேரில் வந்து அடுப்பைப் பார்ப்பார் என்றார்கள். பெயர் நீக்க அத்தையின் கார்டைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பித்தோம். ஒருவர் வீட்டுக்கு வருவார் என்பதை அவரிடம் சொல்லி வைக்க மட்டும் மறந்துபோனேன்.

சித்திரையில் ஒருநாள், மதுரையில் இவருக்கு ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தோம். பிற்பகல் போன் வந்தது.

"அம்மா, ரேஷன் கார்டு விஷயமா வந்திருக்கேன். உங்க தெருமுனையில நிக்கிறேன். வீட்டுல இருக்கீங்களா?"

"சார், நாங்க மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கோம். இன்னொரு நாள் வாரீகளா?"

"எனக்கு ஊர் ஊரா வேலை கெடக்கும்மா. தனி அடுப்பு இருந்தா இருக்குன்னு எழுதுவேன். வீட்டுல சமைக்கிற அடையாளமே இல்லைன்னா நான் என்ன எழுதுறது?" அதற்குள் ஸ்கேனுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். திரும்ப அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. அத்தை போன் வைத்துக்கொள்வதில்லை. காலையிலேயே பழையதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தோம். எங்கள் அடுப்பை அன்று பற்ற வைக்கவே இல்லை. வந்து பார்ப்பவர் கண்ணில் சில்லென்ற அடுப்பும், பக்கத்தில் எரியும் அத்தையின் அடுப்பும்தான் படும். எல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டுப் போவார். இந்த அட்டையும் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது.

திரும்பும் பேருந்தில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பிள்ளையார்பட்டி வளைவைத் தாண்டும்போது கை கூப்பினேன். சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் எந்த முகத்தோடு கேட்பது? "இனி உன் பாடு அப்பனே" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையிடம் ஓடினேன். "அயித்தை, யாரும் வந்தாகளா?"

"வந்தாரு ஒருத்தரு. வீட்டை அண்ணாந்து பாத்துட்டு, 'இம்புட்டுப் பெரிய வீட்டுல இருந்துக்கிட்டா தனிக் கார்டு கேக்குறீங்க'ன்னாரு. வீடு பெருசுதான், எங்க பங்கு பெருசில்ல, பூட்டிக் கெடக்குற கதவையெல்லாம் பாருங்கன்னேன். 'உங்க மகன் அடுப்படி எது'ன்னாரு. கூட்டிப் போய்க் காட்டுனேன். உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"எங்க அடுப்புலயா? யாரு உலை வச்சது?"

"நான்தான் வச்சேன். சாவியை என்கிட்டதானே குடுத்துட்டுப் போனே? புள்ளை பசியோட வருவான்ல. அவனுக்கு உப்புக் கொறைச்சு ஒரு குழம்பும் வச்சேன்." அத்தை சர்வ சாதாரணமாகச் சொன்னார். "அந்த மனுசனும் இதைத்தான் கேட்டாரு. 'நீங்கதானே சமைக்கிறீங்க, உங்க அடுப்புலயே சேத்து ஆக்குறதுக்கென்ன'ன்னு. வேறு வச்ச புள்ளைக்கு என் அடுப்புல ஆக்க மாட்டேன், அவுக சோறு அவுக அரிசியில, அவுக அடுப்புலதான்னேன். சிரிச்சுட்டாரு. என் அடுப்படியையும் பாத்தாரு, போட்டோ புடிச்சாரு, ஒரு செம்புத் தண்ணி குடிச்சாரு, போயிட்டாரு. ஆமா, உன் டப்பாவுல புளி தீந்து போச்சு. வாங்கி வையி."

நான் அத்தையின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எதுக்குடி அழுவுறே? குழம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

வைகாசியில் தனிக் கார்டு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தார். சிவகங்கை கலெக்டர் ஆபீசில் போட்டோ எடுத்து, காப்பீட்டு எண் கொடுத்தார்கள். ஆடியில் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆடியிலா என்று உறவில் சிலர் இழுத்தார்கள். வால்வுக்கு ஆடி ஆவணி தெரியாது என்றேன். அன்று அறுவை அரங்குக்கு வெளியே அத்தையும் நானும் ஒரே பெஞ்சில், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருத்துவர் வெளியே வந்து "நல்லா இருக்கார்" என்றதும் அத்தை, "பிள்ளையாரப்பா" என்று ஒரே ஒரு முறை சத்தமாகச் சொன்னார். எதற்கும் கலங்காத அந்த மனுஷியின் உதடு துடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாசியில் நான் வேண்டியபடி பிள்ளையார் அத்தையின் மனத்தை மாற்றியிருந்தால், சித்திரையில் எங்கள் அடுப்பே இருந்திருக்காது. ஒரே அடுப்பு, ஒரே கார்டு, அட்டை இல்லை. நான் மாற்றச் சொல்லி அழுத அந்த மனத்தைத்தான் அவர் எங்களுக்குக் கவசமாக வைத்திருந்தார். கோவிலுக்கு வராமல் நான் முறைத்துக்கொண்டிருந்த மாதத்திலும் அவர் எங்களைக் கைவிடவில்லை.

நம் குழுவில் சொந்தத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு சகோதரியாகச் சொல்கிறேன். பிள்ளையார் காப்பார் என்று காப்பீடு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, முடிந்ததை எடுத்து வையுங்கள். நோயை மறைக்காதீர்கள். அரசு கொடுக்கும் அட்டைக்குத் தகுதி இருந்தால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள், கௌரவம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. அதையும் செய்துவிட்டு, கணபதியின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று மனம் வெறுத்திருந்தால், என்னைப் போலச் சண்டை போட்டாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவர் என்ன நினைத்து வைத்திருக்கிறார் என்று நமக்கு என்ன தெரியும்?

இந்த வருடப் பிள்ளையார் நோன்பு சென்ற வாரம்தான் முடிந்தது. என் கணவர் இழையை வாங்கினார், கண்ணை மூடினார், சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார். ஒரு நொடிதான். மூச்சு வாங்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் கருப்பட்டிப் பணியாரம் சுட்டோம். அத்தை அடுப்பில் கொஞ்சம், என் அடுப்பில் கொஞ்சம்.

அழகம்மை நாச்சியப்பன்,
கண்டனூர்