கஹல் வேரின் சிவப்பு

மிஸ்னாவுக்கு வயது முப்பத்து மூன்று. மழை நன்றாகப் பெய்த வருடங்களில், மணலில் கஹல் செடி மஞ்சளாகப் பூத்ததும் வேர் தோண்ட முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். பூவை யார் பார்த்தார்கள்? அது சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, செடி முழுக்கச் சுணை வேறு. வேரின் தோலைக் கன்னத்தில் தேய்த்தால்தான் விஷயம் தெரியும். நாள் முழுக்கச் சிவந்திருக்கும். கல்யாணமாகாத பெண்கள் பூசுவது அது. அவளுக்கும்தான் ஆகவில்லை, பிறகென்ன?

ஆகவிடவில்லை என்பதுதான் சரி. பதினேழு வயதில் அவளைக் கேட்டு ஒருவன் வந்தபோது, பெரியப்பா மகன் ஜத்ஆன் ஆண்கள் நடுவில் எழுந்து, "இவ எனக்கு. வேற எவனும் கேக்கக் கூடாது" என்று தடை போட்டான். நம் ஊரில் என்றால் அண்ணன் முறை. அந்த அரபுப் பாலையில் அவளைக் கட்ட அவன்தான் முதல் உரிமைக்காரன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடை போட்டவன் கட்டிக்கொண்டானா என்றால் அதுவும் இல்லை. வேறு இரண்டு பேரைக் கட்டி ஏழு பிள்ளை பெற்றான். மிஸ்னா தானாக வந்து கெஞ்ச வேண்டுமாம். பதினாறு வருடமாக அவள் கெஞ்சவில்லை. என்ன நெஞ்சழுத்தம் அந்த மனிதனுக்கு!

இந்த வசந்தத்தில் கிணற்றடியில் அவனுடைய மூத்த மனைவி ஷாஹா வாயைக் கொடுத்தாள்.

"ஏண்டி, இந்த வயசுல பூச்சு எதுக்கு? எவனுக்குக் காட்ட?"

"ஏன் மதினி, உம்புருசனுக்குக் கண்ணு கூசுதா?"

"அவருதான் சொல்லிவிட்டாரு. மூஞ்சியக் கழுவிட்டு வந்து கெஞ்சினா, தடைய எடுக்கறதப் பத்தி யோசிப்பாராம்."

"யோசிப்பாராமா! வர்றேன்னு சொல்லு."

மிஸ்னா கழுவவில்லை. இன்னும் இரண்டு வேர் பிடுங்கி மோவாய்வரை சிவக்கத் தேய்த்துக்கொண்டாள். பிற்பகலில் ஜத்ஆன் கூடாரத்தில் வேற்றுக் குலத்து விருந்தாளிகள் மூன்று பேர் காப்பிக்கு உட்கார்ந்திருந்தார்கள். விறுவிறுவென்று உள்ளே போய் நடுக்கம்பத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கம்பத்தைப் பற்றி அடைக்கலம் கேட்டவரைக் கைவிட்டால், அப்புறம் அந்தக் கூடாரத்தில் எவனும் காப்பி குடிக்க மாட்டான்.

ஜத்ஆனுக்கு வாயெல்லாம் பல். கெஞ்ச வந்துவிட்டாள், அதுவும் விருந்தாளிகள் முன்னால்!

"பயப்படாத, சித்தப்பா மவளே. உனக்குத் தீங்கு செஞ்சவன் எவனா இருந்தாலும் சரி, என் தலையக் குடுத்தாவது காப்பாத்துறேன். யாரு அவன்?"

"ஜத்ஆன்."

"எந்த ஜத்ஆன்?" என்றார் மூத்த விருந்தாளி.

"இந்தா, உங்களுக்குக் காப்பி ஊத்துறாரே, அவருதான். பதினாறு வருசமா என்னைக் கட்டிப்போட்டிருக்காரு. அவருகிட்டேருந்து என்னைக் காப்பாத்தச் சொல்லுங்க."

பெரியவர் குடிக்காமல் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். மற்ற இருவரும் வைத்தார்கள். விருந்தாளி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டால், முடிவு சொல்லாமல் வீட்டுக்காரன் தப்ப முடியாது.

"என்ன தம்பி, தலையக் குடுக்கறேன்னியே. ஒரு வார்த்தை குடு, போதும்."

ஜத்ஆன் காப்பிக் குடுவையைப் பார்த்துக்கொண்டே முனகினான். "விட்டேன்."

மிஸ்னா கம்பத்தை விடவில்லை. "வெளிய ஆட்டோட நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"மிஸ்னா மேல எனக்கு உரிமை இல்ல! தடைய எடுத்துட்டேன்!"

கையை எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"இப்ப வந்து பொண்ணு கேளு, பெரியப்பா மவனே. முடியாதுன்னு நான் சொல்லணும்."