கடைசிச் சுற்றில் பறிபோகும் பூஜ்யம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் கத்துகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று பதறாமல் பேசுவார். அந்தப் பொறுமையெல்லாம் வீட்டில் சீட்டைத் தொட்டவுடன் போய்விடும்.

ஞாயிறு மதியம் ஆட்டம். அவர், மனைவி, மச்சான் மூவர்தான். ஆளுக்கு நான்கு சீட்டு கவிழ்த்து வைக்க வேண்டும். கூட்டுத்தொகை குறைந்தவருக்கு வெற்றி. சீட்டுகளில் பூஜ்யம் சிறந்தது, பன்னிரண்டு படுமோசம். தன் தொகைதான் குறைவு என்று நினைப்பவர் மேசையைத் தட்டலாம். மற்றவர்களுக்கு அதன்பின் ஒரே ஒரு முறை மிச்சம்.

வினையே அங்கேதான். கட்டிலிருந்து எடுக்கும்போது மாற்றுச் சீட்டு கிடைத்தால், நம் சீட்டு ஒன்றைக் கொடுத்து அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளலாம். அவர் அது கைக்கு வந்த உடனே மாற்றிவிடுவார். மனைவியோ அதைப் பத்திரமாக வைத்திருந்து, அவர் தட்டிய பிறகுதான் எடுப்பாள். பூஜ்யம் அவளிடம் போகும்; அவளுடைய பதினொன்று இவரிடம் வரும்.

"எப்பப் பாரு என் சீட்டுதானா? உன் தம்பி கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்ல சீட்டு வந்தா அதுமேலயே கையை வெச்சுக்கிறீங்க. நான் என்ன பண்றது?"

ஒரு வாரம் முழுக்க யோசித்தார். அடுத்த ஞாயிறு, பன்னிரண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மேசையைத் தட்டினார். மனைவி அதையே பிடுங்கி, தன் ஒன்பதைத் தள்ளினாள். சீட்டைத் திருப்பினார்கள். இவருக்கு மொத்தம் பன்னிரண்டு, அவளுக்குப் பதினான்கு. துள்ளி எழுந்தார்.

"மாமா, எனக்கு ஏழுதான்," என்றான் மச்சான். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கவுக்கிறதுலயே இருந்தீங்க. என்னை யாரும் தொடவே இல்ல."

தலையில் அடித்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் தட்டவே இல்லை. கையிலிருந்த தொகை மூன்றுதான். ஆனாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தட்டித் தொலைங்களேன்!" என்று அலுத்துக்கொண்ட மனைவி, பொறுக்காமல் மாற்றுச் சீட்டைத் தம்பிமேல் செலவழித்தாள். மச்சானிடமும் மாற்றுச் சீட்டு இல்லை. அடுத்த கணமே இவர் தட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு முதல் வெற்றி.

மனைவி சீட்டுகளைத் தள்ளிவிட்டாள். "இப்படிக் காத்துக்கிட்டே உக்காந்து ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"அடிப்பாவி! இத்தனை நாளா நீ பண்ணினது என்ன?"

அவள் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.