தளிர் வரட்டும், அப்புறம் நடலாம்

பக்கத்து வீட்டு யோகேஸ்வரியோட பிடிவாதம் சும்மா பிடிவாதம் இல்ல. எங்க சிகாமட் தாமான் குடியிருப்புல இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து நின்னாலும் அவகிட்டத் தோத்துத்தான் போகணும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அவகிட்ட வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டவ சொல்றேன், நம்புங்க. என் பேரு மஹ்மூதா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்களுக்குச் சாப்பாட்டுக்கடை. எங்க வீட்டுக்காரர் அய்யூப் அடுப்பைப் பார்ப்பார், நான் கல்லாவுல உட்காருவேன். பேசுறது ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான்.

யோகேஸ்வரி பொறந்தது ரப்பர் எஸ்டேட்டுல. அவ அம்மா அங்க பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க. இவ வயசுக்கு வந்த கொஞ்ச நாள்லயே எஸ்டேட்டை வித்துட்டாங்க, தொழிலாளிங்க இருந்த லயத்து வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்புறம் வாடகை வீடு, அதுக்கப்புறம் இன்னொரு வாடகை வீடு. சுகுமாறனைக் கட்டிக்கிட்டு இந்தத் தாமானுக்கு வந்த பிறகுதான் சொந்தமா ஒரு கதவுக்குப் பூட்டு வாங்கினா. சுகுமாறனுக்கு பிளாஸ்டிக் ஃபேக்டரியில சிஃப்டு வேலை. இவ மேசை நாற்காலி ஃபேக்டரியில பேக்கிங்.

அவங்க கேட்டுக்குள்ள நுழைஞ்சா இடது பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண்ணு. எங்க வரிசையில மத்த எல்லாரும் வாசலுக்கு சிமெண்டு போட்டு காரை உள்ள நிறுத்திட்டோம். நான் உட்படத்தான். அவ மட்டும் போடல. அந்த மண்ணுல செண்டுமல்லி வளர்த்து, பங்குனி உத்திரத்துக்கு அவங்க முருகனுக்குத் தன் கையால மாலை கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னா.

சரி, நிக்கட்டும். ஆனா எப்ப விதைக்கிறதுன்னு தெரியணும்ல?

முதல் வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட விதைச்சா. கோயம்புத்தூர்ல ஒரு அம்மா யூடியூப்புல சொன்னாங்களாம், தைதான் சரியான மாசம்னு. அந்த அம்மா ஊர்ல தையில வெயில் அடிக்கும்மா, இங்க மலேசியாவுல தையில வானம் ஓட்டைக்குடம் மாதிரி ஊத்தும்! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. விதை முளைக்கவே இல்ல, மண்ணுக்குள்ளயே அழுகிடுச்சு.

ரெண்டாவது வருஷம் கொஞ்சம் புத்தி வந்துச்சு. சீனப் பெருநாள் முடிஞ்சா மழையும் முடிஞ்சதுன்னு இங்க எல்லாருக்கும் ஒரு நினைப்பு உண்டு. இவளும் பெருநாள் போனதும் நர்சரியில நாத்து வாங்கி நட்டா. நல்லாத்தான் வந்துச்சு. மாசி மாசம் நாலு நாள் விடாம அடிச்சுது பாருங்க, ஆறு ரோட்டுக்கு வந்து, லோங்காங் சாக்கடை நிறைஞ்சு, அழுக்குத் தண்ணி எல்லார் வீட்டுக்குள்ளயும் பூந்துச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு நான் குசினியைக் கழுவுறேன், ஐஸ்பெட்டிக்கு அடியில அவ செடி ஒண்ணு வேரோட கிடக்குது. எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். வாங்கிப் பார்த்தா. அழுவான்னு நினைச்சேன்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்க்கா"ன்னா.

அப்ப சுகுமாறன் மண்வெட்டியும் கையுமா வாசல்ல சேறு அள்ளிக்கிட்டு இருந்தாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு நாளா ஒத்த ஆளா அள்ளுறாரு, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அந்தக் கடுப்புல எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு:

"யோகேஸ், நல்லாக் கேட்டுக்க. அடுத்த உத்திரத்துக்குள்ள இங்க பூ பூக்கல, மறுநாளே சிமெண்டு. இனிமே என்னால இந்தச் சேத்தோட மல்லுக்கட்ட முடியாது."

"சரி"ன்னா. அவ்வளவுதான்.

மூணாவது வருஷம் சீனப் பெருநாள் சமயம் கடைக்கு வந்து நின்னா.

"அக்கா, பால் டின்னு காலியானா தூக்கிப் போடாதீங்க."

"எதுக்குடி? தேத்தண்ணிக் கடை போடப் போறியா?"

"போட்டா உங்க கடையில ஈதான் ஓட்டணும். குடுங்கக்கா."

டின்னு அடியில ஓட்டை போட்டு, மண்ணு ரொப்பி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விதை. எல்லாத்தையும் துணி துவைக்கிற மெசின் மேல அடுக்கி வச்சுட்டா. தாமான்ல மத்த வரிசைக்காரங்க எல்லாம் தொட்டியும் பாத்தியுமா நட்டுக்கிட்டு இருக்காங்க. இவ மட்டும் தினம் சாயங்காலம் அந்த வெறும் மண்ணுல ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பா. விரலைத் திறந்தா மண்ணு ஈரத்துல உருண்டையா அப்படியே நிக்கும். போட்டுட்டு உள்ள போயிடுவா. வேலை விட்டு வரும்போது மோட்டார் சைக்கிளை நேரா வீட்டுக்கு விடமாட்டா. ஒரு சீனத் தவுக்கே முதலாளியோட ரப்பர் தோட்டம் வழியா சுத்திக்கிட்டு வருவா.

"அங்க என்னடி வேலை உனக்கு?"ன்னு ஒரு நாள் பிடிச்சுக் கேட்டேன்.

"பால்மரத்தைப் பார்க்கறேன்க்கா. போன ரெண்டு வருஷமும் நான் நட்டப்ப மரம் பழைய இலையோட நின்னுச்சு. இலை கொட்டணும், புதுத் தளிர் செவப்பா வரணும். அப்பதான் மழை விட்டதுன்னு அர்த்தம். நம்ம ஊருக்கு அதுதான் வசந்தம்."

"இது யாரு சொன்னா? உங்கம்மாவா?"

"அம்மாவுக்கு இலை கொட்டுனா பால் கொறையுமேன்னு கவலை. நானா யோசிச்சதுதான்."

அலமாக், மரத்தைப் பார்த்தா பூச்செடி நடுறது? எனக்கு நம்பிக்கை இல்ல. சுகுமாறனும் சிரிச்சாரு. "ஊரே நட்டாச்சு, மகாராணி மரத்துக்கிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு இருக்கா"ன்னாரு. அவ காதுலயே போட்டுக்கல. செடி டின்னுக்குள்ள ஒரு சாண் வளர்ந்துடுச்சு. வேர் ஓட்டை வழியா எட்டிப் பார்க்குது. எனக்கே பொறுக்கல. "நட்டுத் தொலைடி, டின்னுக்குள்ளயே கிழவியாயிடும்"னு சத்தம் போட்டேன். "தளிர் வரட்டும்"னா.

அந்த வாரமே தண்ணி வந்துச்சு. அவங்க வீட்டுக்கு மாடி கிடையாது, எங்களுக்கு உண்டு. மாடியில நின்னு பார்க்கறேன், முழங்கால் தண்ணியில இவ வர்றா, தலையில ஒரு பிளாஸ்டிக் பேசின், பேசின் நிறைய டின்னு.

"அரிசி மூட்டை எங்கடி?"

"அவர் கொண்டு வர்றாருக்கா. இதை வாங்குங்க."

அல்லாவே, என் மாடியில மனுசன் படுக்க இடம் இல்ல, செண்டுமல்லி படுத்திருக்கு. எங்க தாமான்ல மண்ணுல நட்டது ஒண்ணுகூட மிஞ்சல. அவ டின்னு மட்டும் அப்படியே இருந்துச்சு.

தண்ணி வடிஞ்சுது. சேறு அள்ளினாங்க. வெயில் வந்துச்சு. ஒரு சாயங்காலம் மோட்டாரை நிறுத்தாமலே கத்தினா, "அக்கா, செவந்துடுச்சு!" மண்ணைப் பிடிச்சா, திறந்தா, உதிர்ந்துச்சு. அன்னைக்கே அத்தனையையும் நட்டு முடிச்சுட்டா.

ஆனா நாள் போதல. அதுதான் விசயம். உத்திரத்துக்கு முதல் நாள் பாத்தி நிறைய மொட்டு. பச்சையா, கெட்டியா, ஒண்ணுகூட வாயைத் திறக்கல. முருகனுக்குக் கடைப்பூதான் போச்சு. கோயில்ல இருந்து வந்தவ முகத்தை என்னால பார்க்க முடியல.

மறுநாள் காலையில லோரி வந்துச்சு. மணலு, சிமெண்டு, கூடவே கொண்ட்ராக்டர் லோகேஸ்வரன். சுகுமாறன் சொன்ன சொல்லு மாறமாட்டாரு, அது அவர் குணம். நான் வேலிகிட்ட ஓடினேன். யோகேஸ்வரி வெளிய வந்தா, பாத்தி ஓரத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா.

"யோகேஸ், பேச்சுன்னா பேச்சு. பூ வரல" அப்படின்னாரு சுகுமாறன்.

"வரலதான். இல்லேங்கல."

"அப்ப எழும்பு."

அவ சத்தமே போடல. "எஸ்டேட்டுல எழும்புன்னாங்க, எங்கம்மா சட்டிபானையைத் தூக்கிட்டு எழும்புனாங்க. வாடகை வீட்டுல எழும்புன்னாங்க, எழும்புனோம். ஆத்துத் தண்ணி வந்து எழும்புன்னுச்சு, அதுக்கும் எழும்பிட்டேன். இந்த ஒரு பாய் மண்ணுல இருந்து நான் எழும்பமாட்டேங்க. நீங்க சொன்னாலும் எழும்பமாட்டேன்."

லோகேஸ்வரன் லோரியையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. சுகுமாறன் குனிஞ்சு ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்தாரு.

"அண்ணே, இந்த மண்ணைச் சுத்தி ஒரு சுவர் எழுப்புங்க. முழங்காலுக்கு மேல இருக்கட்டும்"னு லோகேஸ்வரன்கிட்ட சொன்னாரு. "சிமெண்டு வந்தாச்சுல்ல, வீணாப் போகக்கூடாது."

ரெண்டு மூணு நாள்ல பூத்துச்சு. மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள். முதல் பறிப்பு முருகனுக்கு, ரெண்டாவது எங்க கடை மேசைக்கு.

இந்த வருஷமும் சீனப் பெருநாள் முடிஞ்சாச்சு. வேலி ஓரமா டின்னு வரிசையா நிக்குது. நேத்து சாயங்காலம் யோகேஸ்வரி மண்ணு கிளறிக்கிட்டு இருந்தா. சுகுமாறன் சிஃப்டு முடிஞ்சு வர்றதுக்கு ரொம்ப நேரமாச்சு. வந்தவர் ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல.

"தோட்டம் வழியா வந்தேன், யோகேஸ். இன்னும் பழைய இலைதான். அவசரப்படாத, இரு."