துரையின் கம்பளி

அந்த மார்கழிக்கு முன்னால் கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத் தெருவில் பி.ஏ. தேறியவன் நான் ஒருவனே. சர்க்கார் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா. தலைப்பாகையில்லாமல் என்னைத் தெருவில் கண்டவர் எவருமில்லை. தெருக்காரர்களின் பொது அமைப்பான கிராம சமூகத்துக்கு நானே காரியதரிசி. வரும் சித்திரையில் தலைமையும் எனக்கே வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இதை இங்கே எழுதுவது பெருமைக்காக அன்று. நான் எதை இழந்தேன் என்பது தெரிய வேண்டும்.

பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையை அளக்க வேண்டியிருந்தது. மேலதிகாரியான ஸ்காட்லாந்துத் துரை, மலையாளி சர்வேயர், நான் ஆகிய மூவரும் போனோம். அடிவாரத்தில் கல்லாறு என்னும் ஊரில் வண்டியை விட்டு நடந்து ஏறினோம். தோட்டத்துப் பங்களாவை அடையும்போதே குளிரில் பற்கள் மோதின.

குளிரை ஒவ்வொரு ஜாதியாரும் ஒவ்வொரு விதமாக எதிர்கொள்கிறார்கள் என்பதை அங்கே கண்டேன். துரை தம் அறையின் கணப்படுப்பில் பெரிய தீயை மூட்டச் சொன்னார். மூட்டியதும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு அரைக்கால்சட்டையோடு அதன் முன் உட்கார்ந்தார். காற்றில்லாத அறையில் மனிதன் உறங்கலாகாது என்பது அவர் கொள்கை. தோட்டத்துத் தமிழர்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடியே கொழுந்து கிள்ளினார்கள். சர்வேயரோ தலையில் துவர்த்துத் துண்டை இறுக்கிக் கட்டி, மார்பைத் திறந்து போட்டு உலவினார்.

“தலை மூடியா மதி, சாமி. தணுப்பு தலை வழியாக்கும் உள்ள கேறுது” என்றார். தலையை மூடினாலே போதுமாம், குளிர் அந்த வழியாகத்தான் ஏறுகிறதாம்.

நான் பனியன், சட்டை, கம்பளிக் கோட்டு, மப்ளர் எல்லாவற்றுக்குள்ளும் இருந்தேன். ஆயினும் என் சாப்பாட்டை நானே சமைக்க வேண்டும். குளித்து, பிறர் தீண்டாமல் உலர்ந்த மடி வேட்டியை உடுத்தியே சமைக்க வேண்டும். அந்த மஞ்சுமூட்டத்தில் வேட்டி உலரவில்லை. மறுநாளும் உலரவில்லை. ஈரத்தோடு உண்பது இழவுக் காரியத்துக்கே உரியது. பட்டு வேட்டி ஈரத்தில் கெடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கம்பளிக்குத் தீட்டில்லை என்பது சாஸ்திரம். ஆனால் என் கோட்டு தைத்த உடுப்பு, அதை உடுத்திச் சமைக்கலாகாது. இரண்டு நாள் வாழைப்பழத்தில் கழிந்தது. பிறகு துரையின் கட்டிலில் கிடந்த போர்வையைக் கேட்டு வாங்கினேன்.

“இது ஸ்காட்லாந்து ஆடு. உங்கள் சாஸ்திரம் ஒப்புக்கொள்ளுமா?” என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆட்டின் தேசத்தைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை” என்றேன்.

அதை இடுப்பில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மிளகு ரசம் வைத்தேன். எட்டிப்பார்த்த சர்வேயர், “இப்ப கண்டா சாமி துரைக்க தம்பியாக்கும்னே தோணும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. நாங்கள் இறங்கிய வாரத்திலேயே அது கிழக்கேகோட்டைக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டது.

சமூகக் கூட்டத்தில் பழைய தலைவர் தொடங்கினார்: “ஓய், துரையோட உடுப்பைப் போட்டுண்டு சாப்பிட்டீராமே?”

“உடுப்பு இல்லை. கம்பளி. கம்பளிக்குத் தோஷம் உண்டா, சொல்லும்.”

“கம்பளிக்குத் தோஷமில்லைதான், ஓய். உள்ள இருந்தவருக்கு?”

கூட்டம் சிரித்தது. பஞ்சகவ்யம் சாப்பிட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று சமாதானம் சொன்னார்கள். சாப்பிட்டால் குற்றம் என்னுடையதாகிவிடும் என்று மறுத்தேன். சித்திரையில் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அவர் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தைத் தாண்டாதவர். காரியதரிசிப் பதவியை நானே விட்டேன்.

இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் கல்யாணப் பந்திகளில் அந்தக் கதை என் காதில் விழுகிறது. விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. துரையின் கோட்டும் கால்சட்டையும் போட்டு, தீயருகே அவரோடு உட்கார்ந்து பிராந்தி குடித்தேன் என்கிறார்கள். அது கோட்டு அன்று, தைக்காத போர்வை. குடித்தது மிளகு ரசம். தீ துரையின் அறையில் இருந்தது. நான் சமையலறையில் இருந்தேன்.